ஆலைகளுக்கு ஐ.டி. சப்போர்ட்டும் சைபர் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலைகளுக்கு ஐ.டி. சேவை தருவதுதான் என் பிழைப்பு. முதல் சந்திப்பில் முதலாளிகளும் மெயின்டனன்ஸ் பொறியாளர்களும் கேட்கும் கேள்விகள் ஆலைக்கு ஆலை பெரிதாக மாறுவதில்லை. அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அலுவலகத்துக்கு ஐ.டி. பார்ப்பவரே ஆலைக்கும் பார்த்தால் போதாதா?

போதும், சில பழக்கங்களை அவர் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தால். அலுவலகத்தில் ஒரு கணினி சந்தேகப்படும்படி நடந்துகொண்டால் கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்புறம் ஆராயலாம். உலை எரிந்துகொண்டிருக்கும்போது அதன் கட்டுப்பாட்டுத் திரையில் கைவைத்தால் கதை வேறு. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்புக்கான அரசு அலுவலகம் தன் 2014 அறிக்கையில் ஓர் எஃகு ஆலையைப் பற்றி எழுதியிருந்தது. போலி மின்னஞ்சல் வழியாக அலுவலக நெட்வொர்க்கில் நுழைந்தவர்கள் அங்கிருந்து உற்பத்திப் பகுதிக்குள் போய்விட்டார்கள். கட்டுப்பாட்டுக் கருவிகள் அடுத்தடுத்துச் செயலிழக்க, ஊது உலையை முறைப்படி அணைக்க முடியாமல் பெருஞ்சேதம் ஆனது.

அலுவலகத்தில் தகவல் வெளியே போகக்கூடாது என்பது முதல் கவலை. ஆலையில் முதலில் ஆளுக்கு அடிபடக்கூடாது, அடுத்து லைன் நிற்கக்கூடாது, ரகசியமெல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசை மனதில் இல்லாத ஒருவர் ஷிஃப்ட் நடுவில் நெட்வொர்க் சுவிட்சை ரீஸ்டார்ட் செய்துவிட்டு “இரண்டு நிமிடம்தானே” என்பார். அந்த இரண்டு நிமிடத்தில் ரோபோ பாதி வேலையில் நின்றுவிடும். அதை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, பாதியில் கிடக்கும் உதிரியை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓட்ட அரை மணி நேரம் ஆகலாம்.

எந்தக் கணினி முக்கியம் என்பதும் ஆலையில் வேறு. கிடங்கின் மூலையில் பிளாஸ்டிக் உறை போட்ட பழைய கணினி ஒன்று பார்கோடு லேபிள் அடித்துக்கொண்டிருக்கும். யார் பட்டியலிலும் அது இருக்காது. அது படுத்துவிட்டால் சரக்கு தயாராக இருந்தும் லாரி கிளம்பாது. லேபிள் இல்லாத பெட்டியை வாங்குபவர் இறக்கவே விடமாட்டார். புது ஆலைக்குப் போனால் சர்வர் அறைக்கு முன்னால் நான் பார்க்கக் கேட்பது அந்தக் கணினியைத்தான்.

மேனேஜ்டு ஐ.டி. சப்போர்ட் என்றால் சரியாக என்ன?

மாதச் சந்தா வாங்கிக்கொண்டு கணினி, நெட்வொர்க், பேக்கப், பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒரு வெளி நிறுவனம் தொடர்ந்து கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு. கெட்ட பிறகு கூப்பிட்டுப் பழுது பார்க்கும் பழைய முறையில், எவ்வளவு கெடுகிறதோ அவ்வளவு பில். சந்தாவில் எதுவும் கெடாமல் இருந்தால்தான் அவர்களுக்கு லாபம். நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

நாங்கள் செய்வது போல்ட்டும் நட்டும். எங்களிடம் திருட என்ன இருக்கிறது?

திருட ஒன்றும் இல்லாவிட்டாலும் நிறுத்தலாம். கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்தான் ரான்சம்வேர். அந்தக் கும்பல் பார்ப்பது உங்கள் வரைபடத்தின் மதிப்பை மட்டுமல்ல. லைன் நின்றால் எத்தனை நாள் தாங்குவீர்கள் என்பதையும்தான். மணிக்கணக்கில் நஷ்டம் ஏறும் இடத்தில் பேரம் சீக்கிரம் படியும் என்று அவர்களுக்குத் தெரியும்.

2022 பிப்ரவரி இறுதியில் ஜப்பானில் பிளாஸ்டிக் உதிரிகள் செய்யும் கோஜிமா என்ற சப்ளையரின் கணினிகள் தாக்கப்பட்டன. மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் உள்ள தன் 14 ஆலைகளையும், 28 லைன்களையும் நிறுத்தியது. ஒரே நாளில் சுமார் 13,000 வண்டிகளின் உற்பத்தி போயிற்று. டொயோட்டாவின் சுவரில் யாரும் ஏறவில்லை. 2025-இல் ஜாகுவார் லேண்ட் ரோவர் தாக்கப்பட்டு ஏறத்தாழ ஐந்து வாரம் உற்பத்தி நின்றபோது, பிரிட்டனின் சைபர் மானிட்டரிங் சென்டர் மொத்தச் சேதத்தை 190 கோடி பவுண்டு என மதிப்பிட்டது. பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 5,000-க்கும் மேல் என்றது. அவற்றில் எத்தனை பேர் போல்ட்டும் நட்டும் செய்பவர்களோ!

குறி வைக்காமலேயே அடிபடுவதும் உண்டு. வானாக்ரை என்ற ரான்சம்வேர் 2017 மே மாதம் பரவியபோது அது யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. கதவு திறந்திருந்த கணினிக்குள் எல்லாம் புகுந்தது. எல்லோரும் அதை மறந்துவிட்ட ஜூன் மாதத்தில் ஹோண்டாவின் சயாமா ஆலை அதனால் ஒரு நாள் நின்றது.

எங்கள் மெஷின்கள் இன்டர்நெட்டிலேயே இல்லையே?

இதைச் சொன்ன ஓர் ஆலையில் மெஷின் ஒன்றின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பவர் சப்ளைக்குப் பக்கத்தில் சிம் போட்ட சின்ன மோடம் ஒன்று பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுவ வந்த சப்ளையர் தொலைவிலிருந்து கோளாறு பார்ப்பதற்காக வைத்துவிட்டுப் போனது. வாரண்டி முடிந்து வருடங்கள் ஆகியும் சிம் உயிரோடுதான் இருந்தது. மெயின்டனன்ஸ் பொறியாளர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இணைப்பே இல்லாவிட்டாலும் பென் டிரைவ் நடந்து வரும். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற நாச மென்பொருள், பென் டிரைவ் வழியே பரவும்படி செய்யப்பட்டது. ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில் சீமென்ஸ் பி.எல்.சி.க்கள் (மெஷினை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினிகள்) ஓட்டிய மையவிலக்குகளைக் கெடுத்தது. அது அரசுகளின் விளையாட்டு, நமக்கு எதற்கு என்பீர்கள். சரி, டி.எஸ்.எம்.சி.யைப் பாருங்கள். உலகின் மிகப் பெரிய ஒப்பந்தச் சிப் தயாரிப்பாளர். 2018 ஆகஸ்டில் புது மெஷின் ஒன்றுக்கு மென்பொருள் ஏற்றினார்கள். வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டார்கள். உள்ளே இருந்தது வானாக்ரையின் ஒரு வகை. பல ஆலைகளில் மெஷின்கள் நின்று, சரியாகச் சில நாட்கள் ஆயின. தாக்கியவர் என்று யாரும் இல்லை, ஒரு படி தவறியது, அவ்வளவுதான்.

புது மெஷின் வந்தால் அதை முதலில் தனி சுவிட்சில் வைத்து, சோதித்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஒரு சுவிட்சும் ஒரு மணி நேரமும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் மெஷினைத் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். இரும்பு இன்னும் இருபது வருடம் உழைக்கும் என்றால், கணினிக்காக இரும்பைத் தூக்கிப் போடச் சொல்பவரை நம்பாதீர்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடன், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. அதாவது அந்தக் கணினிக்கு இனி மருந்து கிடையாது. கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி.

அதைத் தனி நெட்வொர்க் பகுதியில் அடைத்து வையுங்கள். அதிலிருந்து வெளியே போகத் தேவையான ஒன்றிரண்டு பாதைகளை மட்டும் நெட்வொர்க்கின் காவலாளியான ஃபயர்வாலில் திறந்து, மற்றதெல்லாம் மூடுங்கள். அனுமதித்த நிரல்களைத் தவிர வேறு எதுவும் ஓடாதபடி பூட்டும் மென்பொருள்கள் உண்டு; வேலை மாறாத இந்த மாதிரிக் கணினிக்கு ஆன்டிவைரஸைவிட அது நன்றாகப் பொருந்தும். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே குளோன் எடுத்து, அந்தக் குளோனில் மெஷின் ஓடுகிறதா என்று ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கணினி நிரலால் உலோகம் வெட்டும் பழைய சி.என்.சி. மெஷின்கள் பல, நிரல் கோப்புகளை எடுக்க எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு பாஷையின் முதல் பதிப்பைத்தான் பேசும். வானாக்ரை சவாரி செய்த அதே வழி. மெஷின் பேச வேண்டும் என்பதற்காக ஆலையின் முக்கிய சர்வரில் அந்தப் பழைய பதிப்பைத் திறந்து வைத்துவிடுகிறார்கள். ஒரு கிழட்டு மெஷினுக்காக வீட்டுக் கதவையே திறந்து போட்ட மாதிரி. நடுவில் ஒரு சின்னக் கணினியை வையுங்கள். அது ஒரு பக்கம் மெஷினோடு பழைய பாஷையும் மறுபக்கம் சர்வரோடு புதிய பாஷையும் பேசட்டும்.

நெட்வொர்க்கைப் பிரித்து வையுங்கள் என்கிறீர்கள். எப்படி?

1990-களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவான அடுக்கு மாதிரி இன்றும் உதவுகிறது. அடியில் சென்சாரும் மோட்டாரும், மேலே பி.எல்.சி., அதற்கு மேல் ஆபரேட்டர் பார்க்கும் திரைகள், அப்புறம் உற்பத்தித் திட்டமிடும் சர்வர்கள், உச்சியில் மின்னஞ்சலும், ஆர்டர், சரக்கு, கணக்கு பார்க்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளும் உள்ள அலுவலகம். ஆலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஓர் இடைப்பகுதி. ஈ.ஆர்.பி.க்கு இன்று எத்தனை உருப்படி ஓடின என்ற கணக்குத்தானே வேண்டும்? அந்தக் கணக்கை இடைப்பகுதியில் இருக்கும் ஒரு சர்வரில் ஆலை கொண்டுவந்து வைக்கட்டும், அலுவலகம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். இருவரும் நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை. ஐ.இ.சி. 62443 என்ற தொழில்துறைப் பாதுகாப்புத் தரமும் இதையே பகுதிகள், அவற்றுக்கு இடையிலான பாதைகள் என்று பேசுகிறது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், ஆலைக்குள் ஓடும் பாஷைகள் நம்பிக்கையான காலத்தில் பிறந்தவை. அவற்றில் ஒன்றான மோட்பஸ் 1979-இல் வந்தது. அதில் பாஸ்வேர்ட் என்ற எண்ணமே கிடையாது. பி.எல்.சி.யை எட்ட முடிந்தவர் யாராக இருந்தாலும் “இந்த வால்வைத் திற” என்றால் அது திறக்கும்; நீ யார் என்று கேட்காது. அது கேட்காததால் வழியில் நிற்கும் ஃபயர்வால்தான் கேட்க வேண்டும்.

பி.எல்.சி.க்கு ஆன்டிவைரஸ் போடலாமா?

முடியாது. அதைச் சுற்றியுள்ள கணினிகளுக்குப் போடலாம். பி.எல்.சி.யில் சாவியால் திருப்பும் சுவிட்ச் இருந்தால் அதை ‘ரன்’ நிலையில் வைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். சாவி அதிலேயே தொங்குவதை எத்தனையோ ஆலைகளில் பார்த்துவிட்டேன்.

ஆபரேட்டர்கள் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டைப் பயன்படுத்துகிறார்கள். தப்பா?

தப்புதான், ஆனால் அலுவலக வைத்தியத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். ஐந்து நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும் திரையை மெஷின் பக்கத்தில் வைத்தால், அவசரத்தில் கையுறையோடு பாஸ்வேர்ட் அடிக்க முயலும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பார்ப்பதற்கும் நிறுத்துவதற்கும் லாகின் கேட்கவே கூடாது. அளவுகளை மாற்றுவதற்கு மட்டும் அவரவர் அடையாள அட்டையைத் தட்டச் சொல்லலாம்.

அப்டேட் வந்தால் உடனே போட்டுவிட வேண்டும்தானே?

வானாக்ரை புகுந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் தொடங்கியது மே 12. இரண்டு மாத அவகாசம் இருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள். இது ஒரு பக்கம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்று தானாக இறங்கி, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இது மறுபக்கம்.

ஆகவே அலுவலகக் கணினிகளுக்கு விரைவாக. ஆலைக் கணினிகளுக்கு முதலில் ஒன்றில் போட்டு, ஓடுவதைப் பார்த்து, மற்றவற்றுக்குத் திட்டமிட்ட நிறுத்த நாளில். மெஷின் சப்ளையர் அந்தப் பேட்சுக்குச் சம்மதம் தந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். நிறுத்த நாள் தேதியை உற்பத்தி மேலாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வாங்காவிட்டால் அந்த நாள் வரவே வராது.

தினமும் பேக்கப் எடுக்கிறோம். அது போதாதா?

கடைசியாக எப்போது அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் அறையில் அமைதிதான். ஓர் ஆலையில் பேக்கப் மென்பொருள் மாதக்கணக்கில் ஒவ்வொரு இரவும் பச்சை டிக் காட்டியது. சோதனைக்காக மீட்டுப் பார்த்தோம். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் கோப்பை அது வெறும் கோப்பாக நகலெடுத்திருந்தது. திறக்க முயன்றால் பாதியில் அறுந்த நகல். பச்சை டிக் நகலெடுத்ததற்குத்தான், பிழைத்ததற்கு இல்லை.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய கணக்கு. ரான்சம்வேர் காலத்தில் ஒரு நகலாவது நெட்வொர்க்கிலிருந்து எட்ட முடியாததாக இருக்க வேண்டும். உள்ளே வந்தவர்கள் முதலில் தேடி அழிப்பது பேக்கப்பைத்தான். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாச மென்பொருள், கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கைத் தாக்கியபோது பயனர் கணக்குகளை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகெங்கும் அழிந்தன. கானாவில் ஒன்று மட்டும் தப்பியது. காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! அந்த ஒன்றை வைத்துத்தான் மற்றதையெல்லாம் மீட்டார்கள். இப்படி ஒரு மின்வெட்டை நம்பியிருக்காமல் நீங்களே ஒன்றைக் கழற்றி வையுங்கள்.

பேக்கப் என்றதும் எல்லோரும் சர்வரை நினைக்கிறார்கள். பி.எல்.சி. நிரல், ஆபரேட்டர் திரையின் நிரல், சி.என்.சி. மெஷினின் பாராமீட்டர் (அதன் அடிப்படை அமைப்பு அளவுகள்), ரோபோவுக்குக் கற்றுக்கொடுத்த புள்ளிகள், சுவிட்ச், ஃபயர்வால் அமைப்புகள் எங்கே? பெரும்பாலும் ஏதோ ஒரு பொறியாளரின் லேப்டாப்பில், அதுவும் போன வருடத்துப் பதிப்பு. சி.என்.சி. கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் பாராமீட்டர்கள் ஒரு சின்ன பேட்டரியின் தயவில் நினைவில் நிற்கின்றன. பேட்டரி தீர்ந்த நிலையில் நீண்ட விடுமுறைக்கு மெயினை அணைத்தால், திரும்பி வரும்போது மெஷினுக்குத் தன் பெயர்கூட நினைவிருக்காது. ஹேக்கரே தேவையில்லை. பேட்டரி எச்சரிக்கை வந்தால், மெஷின் கையேட்டில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலொழிய, மின்சாரம் ஓடும்போதே மாற்றுங்கள். அதற்கு முன் பாராமீட்டரை நகலெடுங்கள்.

மெஷின் சப்ளையருக்கு ரிமோட் அனுமதி கொடுக்கலாமா?

கொடுக்காமல் முடியாது. நீங்கள் திறக்கும்போது மட்டும் திறக்கும்படி கொடுங்கள். அவர் கேட்டால் ஷிஃப்ட் பொறியாளர் அனுமதித்து, வேலை முடிந்ததும் மூடட்டும். ஆளுக்கொரு கணக்கு, இரட்டைச் சரிபார்ப்பு, என்ன செய்தார் என்ற பதிவு, தன் மெஷினைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத எல்லை. 2021-இல் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனின் நெட்வொர்க்குக்குள் நுழைந்தவர்கள் வந்தது, வெளியிலிருந்து உள்ளே இணைய உதவும், இரட்டைச் சரிபார்ப்பு இல்லாத ஒரு வி.பி.என். கணக்கு வழியாக. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த கணக்கு அது.

சப்போர்ட் நிறுவனத்தையே எப்படி நம்புவது?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்காத கேள்வியும்கூட. எங்கள் கையில் உங்கள் எல்லாச் சாவிகளும் இருக்கின்றன. எங்களுடைய கருவி ஒன்று கெட்டால் எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே நேரத்தில் கெடுவார்கள். 2021 ஜூலை 2 அன்று அதுதான் நடந்தது. சப்போர்ட் நிறுவனங்கள் பயன்படுத்தும் கசேயா மென்பொருளின் ஓட்டை வழியே ரீவில் கும்பல் புகுந்தது. சில டஜன் சப்போர்ட் நிறுவனங்கள் வழியாக 1,500 வரையான நிறுவனங்கள் அடிபட்டன. ஸ்வீடனில் கூப் மளிகைக் கடைகள் நூற்றுக்கணக்கில் பில் போட முடியாமல் மூடிக் கிடந்தன.

ஹெல்ப்டெஸ்க்கும் ஒரு வாசல். 2023-இல் தாக்கப்பட்ட குளோராக்ஸ் நிறுவனம், தன் ஹெல்ப்டெஸ்க்கை நடத்திய வெளி நிறுவனம் தொலைபேசியில் கேட்டவருக்குச் சரிபார்க்காமலே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தது என்று குற்றம்சாட்டி 2025-இல் வழக்குப் போட்டது. தீர்ப்பு எப்படியானாலும், நீங்களே ஒரு சோதனை செய்யலாம். மேலாளர் பெயரைச் சொல்லி எங்களுக்கு போன் செய்து, “அவசரம், பாஸ்வேர்ட் மறந்துவிட்டது” என்று கேளுங்கள். உடனே கொடுத்துவிட்டால் அந்த நிறுவனத்தை மாற்றுங்கள், அது என் நிறுவனமாக இருந்தாலும்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் நேரம். 99.5 சதவீதம் இயங்கும் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் அரை சதவீதம் ஏறத்தாழ 44 மணி. அந்த 44 மணி ஒரே மூச்சில் வந்தாலும் ஒப்பந்தப்படி அவர்கள் தவறவில்லை. “15 நிமிடத்தில் பதில்” என்பதும் ஏமாற்றலாம், ‘உங்கள் டிக்கெட் பதிவாகிவிட்டது’ என்ற தானியங்கி மின்னஞ்சலும் பதில்தான். எத்தனை மணிக்குள் சரிசெய்வார்கள், இரவு ஷிஃப்டில் யார் போனை எடுப்பார்கள், எத்தனை மணிக்குள் ஆள் நேரில் வருவார் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது எல்லை. மெஷினோடு சேர்ந்த கணினி யார் பொறுப்பு? மெஷின் சப்ளையர் ஐ.டி.யைக் கைகாட்டுவார், ஐ.டி. சப்ளையரைக் கைகாட்டும். இதை மெஷின் ஓடும்போதே தீர்த்துவிடுங்கள். பிறகு விலகும்போது என்ன ஆகும் என்ற பகுதி: எல்லா பாஸ்வேர்டுகளும், நெட்வொர்க் வரைபடமும், லைசன்ஸ்களும் உங்கள் பெயரில் உங்கள் கைக்கு வர வேண்டும்.

ஒரு காலையில் திரையெல்லாம் மிரட்டல் வாசகம். முதலில் என்ன செய்வது?

கணினிகளை அணைக்காதீர்கள், நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடுங்கள். அணைத்தால் நினைவகத்தில் உள்ள தடயம் போய்விடும். அலுவலகத்துக்கும் ஆலைக்கும் இடையிலான இணைப்பை வெட்டுங்கள். எந்தக் கேபிள் என்று முன்பே சிவப்பு நாடா சுற்றி வைத்திருந்தால் யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். லைனை ஓட விடுவதா நிறுத்துவதா என்பதை உற்பத்திப் பொறுப்பாளர் முடிவு செய்ய வேண்டும், ஐ.டி. ஆள் இல்லை. தொலைபேசி எண்களும் மீட்புத் திட்டமும் காகிதத்தில் இருக்கட்டும். முடங்கிய சர்வருக்குள்ளேயே மீட்புத் திட்டத்தைச் சேமித்து வைத்தவர்கள் உண்டு.

நார்வேயின் நோர்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனம் 2019 மார்ச் 19 அன்று லாக்கர்கோகா ரான்சம்வேரிடம் மாட்டியது. வாசலில் காகிதம் ஒட்டினார்கள்: நெட்வொர்க்கில் எதையும் இணைக்காதீர்கள். காகிதக் குறிப்புகளை வைத்துக் கையால் இயக்கினார்கள். பழைய முறை தெரிந்த ஓய்வுபெற்ற ஊழியர்கள்கூட உதவிக்கு வந்தார்கள். அன்றே செய்தியாளர்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்கள்.

கேட்ட பணத்தைக் கொடுத்து முடித்துவிடலாமே?

ஹைட்ரோ கொடுக்கவில்லை, பேக்கப்பிலிருந்து மீண்டது. கொலோனியல் 75 பிட்காயின் கொடுத்தது, அப்போது சுமார் 44 லட்சம் டாலர். கிடைத்த மீட்புக் கருவி அவ்வளவு மந்தம் என்பதால் தன் சொந்த பேக்கப்பையும் நாட வேண்டியிருந்தது. கொடுத்தாலும் எல்லாக் கணினிகளையும் சுத்தம் செய்தே ஆக வேண்டும், அந்த வேலை குறையாது. தடை செய்யப்பட்ட கும்பலுக்குப் பணம் அனுப்புவது பல நாடுகளில் சட்டச் சிக்கலும்கூட. வழக்கறிஞர், காப்பீட்டு நிறுவனம், காவல் துறை மூவரிடமும் பேசாமல் ஒரு காசும் நகரக்கூடாது.

வெளி நிறுவனம் வந்தால் எங்கள் ஐ.டி. ஆள் தேவையா?

தேவை. எந்த மெஷின் எப்போது நிற்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஆலைக்குள் நடப்பதிலிருந்து. ஐ.பி. முகவரி உள்ள ஒவ்வொரு பொருளையும் எழுதுங்கள்: எங்கே இருக்கிறது, என்ன மென்பொருள், யார் பொறுப்பு, நின்றால் எது நிற்கும், நிரலின் நகல் எங்கே. நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யும் கருவியை வைத்து ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கையைப் பிடியுங்கள். பழைய பி.எல்.சி.க்கள் சில அந்தத் தட்டலைத் தாங்காமல் நின்றுவிடும். சுவிட்ச் வழியே போகும் தகவலை நகலெடுத்துத் தரும் மிரர் போர்ட்டில் சும்மா காது கொடுத்துக் கேட்கும் கருவிகள் உண்டு, அவை யாரையும் தட்டுவதில்லை.

பெட்டிகளைத் திறந்து பார்க்க எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்டிலும் ஒரு முறை நடங்கள். பகலில் யாரும் தொடாத கணினிகளில் சில அப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.